நாட்
நெட்வொர்க் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன் என்பதன் சுருக்கம். தமிழில், பிணைய முகவரி மாற்றம். ஐபி நான்காம் பதிப்பில் மொத்தம் 429 கோடி முகவரிகள்தான். அவை தீர்ந்துவிடும் என்ற கவலையில் 1994-இல் முன்வைக்கப்பட்ட வழி இது. வீட்டுக்குள் போன், டிவி, கேம் கன்சோல் எல்லாம் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரியில் இருக்கும். வெளியே தெரிவது ரவுட்டரின் ஒரே முகவரி.

உள்ளிருந்து கேட்டதற்குப் பதில் வந்தால் ரவுட்டர் உரியவரிடம் சேர்க்கும்; கேளாமல் வருவதைத் தள்ளிவிடும். சர்வர் நடுவில் இல்லாமல் இருவர் நேரடியாக மோதும் விளையாட்டு இங்கேதான் முடங்குகிறது. பொங்கலூரில் ஒரு வீட்டில் பைபர் மோடத்தோடு கடையில் வாங்கிய ரவுட்டரையும் மாட்டினால், இரண்டுமே முகவரியை மாற்றும்; அது இரட்டை நாட். திரையில் 'நாட் டைப்: ஸ்ட்ரிக்ட்' என்று நிற்கலாம். 100 எம்பிபிஎஸ் வேகம் இருந்தும் பயனில்லை.

அதிவேக பிளானுக்குப் பணம் கட்டாதீர்கள். இரண்டாவது ரவுட்டரை, முகவரியை மாற்றாத ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுங்கள். மோடத்தின் வான் ஐபி (வெளிப்பக்க முகவரி) 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைப்பு தருபவரே பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பங்கிடுகிறார். அவரிடம் தனிப் பொதுமுகவரி கேளுங்கள்.