மணி அடிச்சா யார் வரணும்?

'புலி வருது, புலி வருது'ன்னு கத்தின பையன் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். அதுல எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். முதல் ரெண்டு தடவை வேலையைப் போட்டுட்டு கம்போட ஓடி வந்தாங்களே ஊர்க்காரங்க, அவங்களோட அன்னிக்கு கூலியை யார் கொடுத்தது?

சிரிக்காதீங்க. அமெரிக்க நகராட்சிகள் பல வருஷமா இந்தக் கேள்விக்குத்தான் சட்டம் போட்டுக்கிட்டு இருக்கு. அங்கே நிறைய ஊர்களில் வீட்டிலோ கடையிலோ திருட்டு அலாரம் வைத்தால், நாய்க்கு லைசென்ஸ் எடுக்கிற மாதிரி அதையும் பதிவு செய்து அனுமதி வாங்கணும். சும்மா அடித்தால் அபராதம். திருடனைப் பிடிக்க வைத்த மணிக்கு வீட்டுக்காரன் ஏன் தண்டம் கட்டணும்? அது புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

1853-ல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பவர் மின்காந்தத் திருட்டு அலாரத்துக்கு காப்புரிமை வாங்கினார். எளிமையான வித்தை. கதவிலும் ஜன்னலிலும் மின் இணைப்புகள், ஒரு பேட்டரி, ஒரு மணி. கதவு திறந்தால் சுற்று முழுமையாகும், மின்காந்தம் சுத்தியலை ஆட்டும், மணி அடிக்கும். கேட்பது யார்? வீட்டுக்காரர். எழுந்து போய்ப் பார்ப்பதும் அவரேதான். பூனை தட்டிவிட்டிருந்தால் பூனையைத் திட்டிட்டு மறுபடி படுத்துக்கலாம். போலீஸுக்கு இதில் ஜோலியே இல்லை.

அந்த உரிமையை எட்வின் ஹோம்ஸ் 1857-ல் விலைக்கு வாங்கினார். பாஸ்டனை விட நியூயார்க்கில்தான் திருடர்கள் அதிகம், அதனால் வியாபாரமும் அங்கேதான் அதிகம்னு கணக்குப் போட்டு 1859-ல் அங்கே போனார். (இதுக்குப் பேர்தான் மார்க்கெட் ரிசர்ச்!) அப்புறம் வந்தது பெரிய மாற்றம். கடைகள், வங்கிகளிலிருந்து கம்பி இழுத்து எல்லாத்தையும் ஒரே அலுவலகத்தில் கொண்டு வந்து சேர்த்தார்கள். ராத்திரி பூரா ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை, சொல்லாம விட மனசு வரலை. 1877-ல் கிரகாம் பெல்லின் தொலைபேசி புத்தம் புதுசு, அதை நாலு பேரோடு இணைக்க ஊருக்குள் கம்பி கிடையாது. பாஸ்டனில் ஹோம்ஸிடம் கம்பி இருந்தது. அவருடைய அலாரக் கம்பிகளிலேயே சில வங்கிகளுக்கு தொலைபேசி மாட்டினார்கள். பகலில் பேச்சு, ராத்திரி திருட்டு அலாரம், ரெண்டுக்கும் ஒரே கம்பி! தொலைபேசி எக்ஸ்சேஞ்சின் முன்னோடியே இந்த அலார ஆபீஸ்தான். நெட்வொர்க்கில் வேலை பார்க்கிறவங்க ஒரு நிமிஷம் எழுந்து நின்னு ஹோம்ஸுக்கு வணக்கம் வெச்சிடுங்க :-)

இதே காலத்தில், பங்குச்சந்தை டிக்கரைக் கண்டுபிடித்த எட்வர்ட் கலாஹன் வீடுகளில் அழைப்புப் பெட்டி வைக்கும் முறையைக் கொண்டு வந்தார். பெட்டியை இயக்கினால் பக்கத்து அலுவலகத்திலிருந்து ஒரு பையன் ஓடி வருவான். கவனிங்க, இங்கேயும் முதலில் ஓடி வருவது கம்பெனியின் ஆள். மணி சும்மா அடித்தால் நஷ்டம் கம்பெனிக்கு, அதனால் மணி சும்மா அடிக்காமல் பார்த்துக்கொள்ளும் அக்கறையும் கம்பெனிக்கு.

எல்லாம் கெட்டது அலாரம் மலிவானபோது. இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில், பதிவு செய்த குரலோடு தானே போலீஸுக்கு போன் போடும் கருவிகள் வந்தன. கண்காணிப்பு நிறுவனங்களும் பெருகின. அவர்கள் ஆள் அனுப்பவில்லை, மாதச் சந்தா வாங்கிக்கொண்டு போலீஸுக்கு போன் மட்டும் போட்டார்கள். விற்பது தனியார், ஓடி வருவது அரசாங்கம். யோசிச்சுப் பார்த்தா அபாரமான பிசினஸ் மாடல்!

விளைவு? அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட ஒரு கையேட்டின்படி 2002-ல் மட்டும் போலீஸுக்கு வந்த அலார அழைப்புகள் சுமார் 3.6 கோடி, செலவு சுமார் 180 கோடி டாலர். அதில் 94 முதல் 98 சதவீதம் வரை பொய். பெரும்பாலும் காரணம் திருடனும் இல்லை, காத்தும் இல்லை. குறியீட்டு எண்ணை மறந்த மாமியார், சாவி வாங்கி வந்த வேலைக்காரம்மா, சரியாச் சாத்தாத பின்கதவு, கண்ட இடத்தில் மாட்டிய சென்சார்.

ஒரு அழைப்புக்கு சுமார் 20 நிமிடம், வழக்கமாக ரெண்டு போலீஸ். கால்குலேட்டரைத் தட்டினேன். வருஷத்துக்கு 2.4 கோடி போலீஸ் மணி நேரம். ஆளுக்கு வருஷம் 2000 மணி நேர வேலைன்னு வெச்சா 12,000 பேர் வருஷம் முழுக்க காலி வீட்டைச் சுத்தி வந்துட்டுப் போறாங்க. அந்த நேரத்தில் வேறெங்கோ நிஜமா அடி வாங்கிட்டு போன் பண்ணினவங்க காத்துக்கிட்டு இருக்காங்க. அலாரம் வாங்க வசதி இல்லாதவனும் இதுக்கு வரி கட்டறான். இன்னொரு ஆபத்தும் உண்டு. ராத்திரி சர்வர் அலர்ட் வாங்கிற நம்ம ஆளுங்களுக்கு இது தெரியும். நூறில் தொண்ணூற்றாறு பொய்யானால் அடுத்ததை யாரும் அவசரமா எழுந்து பார்ப்பதில்லை. போலீஸ்காரரும் மனுஷர்தானே, தொண்ணூற்றேழாவது வீட்டுக்குள் அசால்ட்டா நுழைவார்.

பதிவு செய்யும் சட்டம் இப்படித்தான் வந்தது. முக்கியக் காரணம் ரொம்ப சாதாரணமானது: போலீஸுக்கு இது யார் வீட்டு அலாரம், சாவி யாரிடம் இருக்கு, பில்லை யாருக்கு அனுப்பணும்னு தெரியலை. பதிவு செய்தால் பேரும் தொடர்பு எண்ணும் கையில் இருக்கும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு பொய் அலாரம் மன்னிப்பு, அப்புறம் ஏறிக்கொண்டே போகும் அபராதம், அதுக்கும் மேலே போனால் சில ஊர்களில் வரவே மாட்டோம். தொழில்நுட்பப் பக்கமும் வேலை நடந்தது. அடித்ததும் சில விநாடி பொறுத்து சமிக்ஞை அனுப்பும் பேனல்கள், போலீஸைக் கூப்பிடும் முன் வாடிக்கையாளரை ரெண்டு எண்களில் அழைத்துப் பார்க்கும் வழக்கம். இந்த ரெண்டு போன் கால் யோசனைதான் என் கணக்கில் இருப்பதிலேயே புத்திசாலித்தனமானது. செலவும் இல்லை.

சில ஊர்கள் இன்னும் ஒரு படி மேலே போச்சு. லாஸ் வேகஸ் 1991-லேயே, சால்ட் லேக் சிட்டி 2000 டிசம்பரில்: 'யாராவது நேரில் பார்த்து உறுதி சொன்னால்தான் வருவோம்.' ஆபத்தில் அழுத்தும் பொத்தானுக்கு மட்டும் விலக்கு. சால்ட் லேக்கில் போலீஸ் போக வேண்டிய அலாரங்கள் 90 சதவீதம் போலக் குறைந்தன. இதையே 2003-ல் லாஸ் ஏஞ்சலஸ் அறிவித்தபோது பயங்கர எதிர்ப்பு. கடைசியில் ரெண்டு பொய் அலாரம் வரை சும்மா வருவோம், அதற்கப்புறம் உறுதி வேணும்னு சமரசம் ஆனது. ஜார்ஜியாவில் சாண்டி ஸ்பிரிங்ஸ் என்ற ஊர் அபராதத்தை வீட்டுக்காரனுக்குப் பதில் அலாரம் நிறுவனத்துக்கே போட்டது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன, 2020-ல் மேல்முறையீட்டிலும் தோற்றன. எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு. லாபம் யாருக்கோ பில்லும் அவருக்கே.

சியாட்டிலும் 2024 அக்டோபரில் இதே வழிக்கு வந்தது. முந்தின வருஷம் அங்கே வந்த சுமார் 13,000 அலார அழைப்புகளில் குற்றம் உறுதியானது 4 சதவீதத்துக்கும் கீழே. இப்போ குரலோ, வீடியோவோ, பார்த்த சாட்சியோ இருந்தால்தான் போலீஸ் வரும். பெரிய கடைக்கு கேமரா பிரச்சினையில்லை. மூலைக்கடைக்காரர் வெறும் மணியை மட்டும் நம்பி மாசாமாசம் சந்தா கட்டிக்கிட்டு இருக்காரே, அவருக்கு இதை யாராவது புரியற மாதிரி சொன்னாங்களான்னுதான் எனக்குக் கவலை.

அந்தக் கேமராவை ராத்திரி யார் உட்கார்ந்து பாக்கறாங்கங்கிறது தனிக்கதை. இன்னொரு பதிவுல வெச்சுக்கலாம்.