மருந்து உடலில் வினைபுரியும் முறை

பெரும்பாலான மருந்துகள் உடலுக்குப் புதிய வேலை எதையும் கற்றுத் தருவதில்லை. ஏற்கெனவே அங்கு நடப்பதைக் கூட்டுகின்றன, குறைக்கின்றன அல்லது தடுக்கின்றன. பினாங்கு வட்டாரத்தில் இதை விளக்கக் கெத்தும் இலையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஜுரு, புக்கிட் மெர்தாஜாம் முதலிய ஊர்கள் அடங்கிய செபராங் பிறை முன்பு வெல்லஸ்லி மாகாணம் எனப்பட்டது. பினாங்கு, வெல்லஸ்லி மாகாணம் ஆகியவற்றின் வேளாண்மை பற்றி ஜேம்ஸ் லோ 1836இல் வெளியிட்ட நூலிலேயே, அபினுக்கு மாற்றாக இந்த இலை பயன்பட்ட செய்தி உண்டு. இலையைக் கொதிக்கவைத்து வடித்த கெத்தும் நீரை, உடலுழைப்பாளர்கள் களைப்புக்கும் வலிக்கும் இன்றும் குடிக்கின்றனர்.

இலையின் முதன்மை வேதிப்பொருளான மித்ராஜினினை எல்லன் ஃபீல்ட் 1921இல் பிரித்தெடுத்தார். உயிரணுக்களில் உள்ள ஏற்பிகள் என்னும் புரதங்களோடு அது பிணைகிறது. மருந்து ஒட்டிக்கொள்ளும் இத்தகைய பொருள் உடலில் இருக்க வேண்டும் என்று ஆங்கிலேய உடலியலாளர் ஜான் லாங்லி 1905இல் முன்வைத்தார். வலியைத் தணிக்க உடலே சுரக்கும் என்டார்ஃபின்களும், அபினில் உள்ள மார்ஃபினும், மித்ராஜினினும் மியூ என்ற ஒரே வகை ஓபியாய்டு ஏற்பியைத்தான் நாடுகின்றன. அந்த ஏற்பி மூளையில் மட்டுமல்ல, குடலிலும் இருக்கிறது. அதனால்தான் வலி குறையும்போதே மலமும் கட்டிக்கொள்கிறது. பக்கவிளைவு என்று நாம் பிரித்துச் சொல்வது பல நேரங்களில் அதே வினை வேறோர் உறுப்பில் நிகழ்வதுதான்.

ஏற்பியோடு பிணைவது வேறு, அதை இயக்குவது வேறு. மார்ஃபின் அதை வலுவாக இயக்கும். மித்ராஜினின் ஓரளவே இயக்குவதால் 'பகுதி இயக்கி' எனப்படுகிறது. நலோக்சோன் என்ற மருந்து ஏற்பியில் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமே தவிர அதை இயக்காது. அபின் வகை நஞ்சுக்கு அது முறிவு மருந்தாவது இதனால்தான்.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையமும் யேல் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வொன்று 2020இல் வெளியானது. கெத்தும் குடிக்கும் பழக்கமுள்ள 26 ஆண்களுக்கு ஒரு முறை கெத்தும் நீரும், மறுமுறை அதைப் போன்றே தோன்றும் போலிப் பானமும் கொடுக்கப்பட்டன. எது எதுவென்று குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. குடிப்பதற்கு முன்னும் பின்னும் கையைக் கடுங்குளிர் நீரில் வைக்கச் சொன்னார்கள். கெத்தும் குடிப்பதற்கு முன் சராசரியாக 11.2 விநாடி தாங்கினார்கள், ஒரு மணி நேரத்துக்குப் பின் 24.9 விநாடி. ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரியதாக இருந்ததால் சராசரியை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஆனாலும் உழைப்பாளிகள் சொல்லிவந்த வலிநிவாரணம் வெறும் நம்பிக்கையன்று என்பதற்கு இது நல்ல சான்று.

உடலும் மருந்தைச் சும்மா விடுவதில்லை. குடல் உறிஞ்சுகிறது, இரத்தம் சுமந்து செல்கிறது, கல்லீரல் உருமாற்றுகிறது. சிஒய்பி3ஏ4 என்ற கல்லீரல் நொதி மித்ராஜினினின் ஒரு பகுதியை 7-ஹைட்ராக்ஸிமித்ராஜினினாக மாற்றுகிறது. மியூ ஏற்பியில் அதன் வலிமை தாய்ப்பொருளைவிட அதிகம். இந்த நொதியின் அளவு எல்லோருக்கும் ஒன்றல்ல, ஆகவே ஒரே குவளை இருவரிடம் ஒரே விளைவைத் தருவதில்லை. இரத்தத்தில் மித்ராஜினினின் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். நாள்தோறும் குடிப்பவர் உடலில் அது சேர்ந்துகொண்டே போய் ஒரு நிலையில்தான் நிற்கும். உடல் பழகியதும் பழைய அளவு போதாது. நிறுத்தினால் உடல்வலி, தூக்கமின்மை, எரிச்சல் வரும்.

கலப்புதான் பெரும் ஆபத்து. சிஒய்பி2டி6 என்ற மற்றொரு நொதியை மித்ராஜினின் முடக்கிவிடுகிறது. இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெதார்ஃபனைக் கழிக்க வேண்டியது அந்த நொதிதான். கெத்தும் நீரில் இருமல் மருந்தைக் கலந்து குடிக்கும் இளைஞர்கள், ஊற்றிய அளவைவிட அதிகமான மருந்தின் விளைவுக்கு ஆளாகிறார்கள்.

மலேசியாவில் மித்ராஜினின் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. மயக்க நிலையில் ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுவருபவர் கெத்தும் மட்டுமன்றி வேறு என்னென்ன கலந்தன என்பதையும் சட்டத்துக்கு அஞ்சி மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏனெனில் நலோக்சோன் ஓபியாய்டு ஏற்பியில் நிகழ்வதை மட்டுமே மாற்றும். இருமல் மருந்தில் சேரும் டைஃபென்ஹைட்ரமின் ஹிஸ்டமின் ஏற்பியில் ஏற்படுத்தும் உறக்கத்தை அது தொடாது.