மேசையின் பெயரும் மெய்யான அளவும்

ஒரு பொருளின் பெயரோடு ஓர் எண் சேர்ந்துவிட்டால் அவ்வெண்ணையே அதன் அளவாகக் கொள்வது எம்மில் பலரது வழக்கமாகும். பூல் விளையாட்டு மேசைகளைப் பொறுத்தவரை இவ்வழக்கம் தவறான முடிவுகளுக்கே இட்டுச் செல்கின்றது. உலகெங்கும் '9 அடி மேசை' என்று அழைக்கப்படும் மேசையை அளவுநாடா கொண்டு அளந்து பார்ப்பவர், நீளவாட்டில் எங்குமே சரியாக 9 அடியைக் காணாது போகலாம். இது விற்பவரின் மோசடியா, விளையாட்டுலகின் மரபா என்ற ஐயம் எழுவது இயல்பே. இதற்கான விடை, எங்கிருந்து எதுவரை அளக்கின்றோம் என்பதிலேயே தங்கியுள்ளது.

பூல் மேசையின் நான்கு புறங்களிலும் துணியால் போர்த்தப்பட்ட இறப்பர் அணைகள் உள்ளன. குஷன் எனப்படும் இவ்வணைகள் உட்புறமாக முன்தள்ளி, ஒரு முனையாகக் கூர்ந்து நிற்கின்றன. பந்து மோதித் திரும்புவது இம்முனையிலேயே ஆகும். எனவே ஒரு புறத்து அணையின் முனையிலிருந்து எதிர்ப்புறத்து அணையின் முனை வரையுள்ள தூரமே விளையாட்டுப் பரப்பின் அளவாகக் கொள்ளப்படுகின்றது. இப்பரப்பின் நீளம் அகலத்தைப் போல் இரு மடங்காகும்.

இவ்வாறு அளக்கும்போது 9 அடி மேசையின் பரப்பு 100 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் கொண்டதாக உள்ளது. அதாவது நீளம் 8 அடி 4 அங்குலமே. 10 அடி மேசை 112 அங்குல நீளமும் 56 அங்குல அகலமும் உடையது. வீடுகளில் வைக்கப்படும் 8 அடி மேசையோ பெரும்பாலும் 88 அங்குல நீளமும் 44 அங்குல அகலமும் கொண்டது. இம்மூன்றிலும் உண்மையான நீளம் பெயரிலுள்ள நீளத்தை விட 8 அங்குலம் குறைந்திருப்பதை வாசகர்கள் அவதானிக்கலாம்.

வெளிப்புற அளவும் பெயரோடு பொருந்துவதில்லை. அணையையும் சேர்த்து, பக்கச் சட்டத்தின் அகலம் 4 அங்குலம் முதல் 7½ அங்குலம் வரை இருக்கலாம் என்பது உலக பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதியாகும். சட்டம் 4 அங்குலமாயின் 9 அடி மேசையின் வெளிநீளம் சரியாக 9 அடியாகின்றது. அது 7½ அங்குலமாயின் வெளிநீளம் 9 அடி 7 அங்குலத்தை எட்டுகின்றது. ஆகவே பெயரிலுள்ள எண் மேசையின் வகையைக் குறிக்கும் அடையாளமேயன்றி அளவு அன்று.

ஒரே பெயரில் இரு அளவுகள் வழங்கும்போது குழப்பம் மேலும் அதிகரிக்கின்றது. மேற்கூறிய சங்கத்தின் விதிகளின்படி 8 அடி மேசையின் பரப்பு 92 அங்குலத்துக்கு 46 அங்குலமாகும். வீட்டு மேசையும் அதே பெயரையே தாங்கி நிற்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையே பரப்பளவில் 360 சதுர அங்குல வேறுபாடு உண்டு. அமெரிக்க மதுச்சாலைகளில் காணப்படும் 7 அடி மேசைகளின் அளவும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடுகின்றது. 76 அங்குல நீளமுள்ளவையும் 78 அங்குல நீளமுள்ளவையும் அதே பெயரிலேயே விற்கப்படுகின்றன.

ஸ்னூக்கர் மேசையும் இதற்கு விதிவிலக்கல்ல. '12 அடி மேசை' எனப்படும் அதன் விளையாட்டுப் பரப்பு 11 அடி 8½ அங்குல நீளமும் 5 அடி 10 அங்குல அகலமும் கொண்டது. இங்கே நீளம் அகலத்தின் இரு மடங்கை விட அரை அங்குலம் கூடுதலாக இருப்பது குறிப்பிடத்தக்கது. ஆங்கில பில்லியர்ட் விளையாட்டுக்கும் இம்மேசையே பயன்படுகின்றது. 1973ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற போட்டியில் உலக அமெச்சூர் பில்லியர்ட் பட்டத்தை வென்று எமது நாட்டுக்குப் பெருமை சேர்த்த எம்.ஜே.எம். லாபிர் அவர்கள் விளையாடிய விளையாட்டு அதுவேயாகும். குழிகளற்ற கரம் மேசை மாத்திரம் மெற்றிக் அளவிலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. சர்வதேசப் போட்டிகளில் அதன் பரப்பு 2.84 மீற்றர் நீளமும் 1.42 மீற்றர் அகலமும் கொண்டதாகும்.

சில அங்குலங்களுக்காக இத்தனை ஆராய்ச்சி தேவைதானா என்று சிலர் கேட்கக்கூடும். தேவை என்பதே எமது கருத்தாகும். பந்து அணையை ஒட்டி நிற்கும்போது கோல் முழுவதும் மேசைக்கு வெளியே நீண்டிருக்கும். வழக்கமான கோலின் நீளம் 58 அங்குலமாகும். எனவே 9 அடி மேசைக்கு 18 அடி நீளமும் ஏறத்தாழ 14 அடி அகலமும் கொண்ட அறை வேண்டும். கையைப் பின்னிழுக்கும் இடத்தையும் இதனோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். 88 அங்குல மேசைக்கென 17 அடி அறையை ஒதுக்கியவர் 92 அங்குல மேசையைப் பெற்றுக்கொண்டால், கோல் சுவரில் முட்டுவதைத் தவிர்க்க முடியாது. சிறிய மேசையில் பழகிய இளைஞர் ஒருவர் பெரிய மேசையில் நடக்கும் போட்டிக்குச் செல்கையில், தூரங்கள் அனைத்தும் மாறியிருப்பதைக் கண்டு தடுமாற நேரும். பணமும் உழைப்பும் ஒருசேர வீணாவது இவ்வாறுதான்.

ஏமாறாதிருக்க எளிய வழியொன்று உண்டு. பக்கச் சட்டங்களில் சிறு புள்ளிகளோ வைர வடிவக் குறிகளோ பதிக்கப்பட்டிருக்கும். அடுத்தடுத்துள்ள இரு குறிகளின் மையங்களுக்கு இடையிலான தூரம் விளையாட்டுப் பரப்பின் நீளத்தில் எட்டிலொரு பங்காகும். நீண்ட பக்கத்தின் நடுவே குழி இருப்பதால், அதன் ஒரே புறத்திலுள்ள இரு குறிகளையே அளக்க வேண்டும். அத்தூரம் 12½ அங்குலமாயின் அது 9 அடி மேசை. 11½ அங்குலமாயின் 92 அங்குல மேசை. 11 அங்குலமாயின் 88 அங்குல மேசை.

மேசை வாங்க விரும்பும் கழகங்களும் பாடசாலைகளும் குடும்பங்களும் 'எத்தனை அடி மேசை' என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அணை முனையிலிருந்து அணை முனை வரை எத்தனை அங்குலம் என்பதையும், சட்டத்தின் வெளிவிளிம்பு வரை எத்தனை அங்குலம் என்பதையும் கேட்டறிந்து, அவ்விரு எண்களையும் பற்றுச்சீட்டில் எழுதிப் பெற்றுக்கொள்ள வேண்டும். விற்பனையாளர்களும் இவ்விபரங்களைத் தாமாகவே முன்வந்து தெரிவிப்பார்களாயின், பின்னர் எழக்கூடிய பல பிணக்குகளை இரு தரப்பினரும் தவிர்த்துக்கொள்ளலாம்.