உப்பும் சர்க்கரையும் ஒரே தம்ளரில்

வயிற்றில் பை வைத்து வாழ்கிற எங்களிடம் மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டால் பலரும் திகைத்துப் போவார்கள்: "பை தண்ணீராக நிறைந்தால், வெறும் தண்ணீரை நிறையக் குடிக்காதீர்கள்." காரைக்குடி வெயிலில், வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் "நிறையத் தண்ணி குடிங்கண்ணே" என்று அன்பாக வற்புறுத்தும்போது இதை விளக்குவது பெரும்பாடு. எனக்கு இலியாஸ்டமி அறுவை செய்து ஏழு வருஷமாகிறது. விளக்கம் கேட்டவர்களுக்காக அதன் வரலாற்றை எழுதி வைக்கிறேன்.

பெருங்குடலின் முக்கியமான வேலை, நீரையும் உப்பையும் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பித் தருவது. அது இல்லாதவர்களுக்குச் சிறுகுடலின் முனை நேரே பையில் திறக்கிறது. நாளுக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை போவது சாதாரணம். ஒன்றரை, இரண்டு லிட்டரைத் தாண்டினால் உப்பும் சேர்ந்து போய்விடும். அப்போது வெறும் தண்ணீர் குடித்தால், உடம்பிலுள்ள உப்பு குடலுக்குள் கசியும். நீரும் அதன் பின்னாலேயே பைக்குப் போய்விடும். நாக்கு வறளும், கால் குரக்களி இழுக்கும், கவனிக்காவிட்டால் சிறுநீரகமும் கெடும்.

உப்பிலுள்ள சோடியத்தைச் சர்க்கரைதான் கைப்பிடித்துக் குடல் சுவருக்குள் அழைத்துப் போகிறது என்று 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற அறிஞர் விளக்கினார். அவை போகிற வழியில் நீரும் போகும்.

அதன் பலனை உலகம் கண்கூடாகக் கண்டது நம் நாட்டில்தான். 1971-இல் வங்கதேச அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்தபோது, போங்காவ்ன் முகாம்களில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று பொட்டலம் கட்டச் செய்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே அதைக் கலந்து புகட்டினார்கள். ஏறக்குறைய 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் மறைந்தார். 2023-இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

பை வைத்திருப்பவர்களுக்காக லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை வகுத்த கரைசலும் ஏறத்தாழ இதேதான்: 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. 2002-க்குப் பிறகு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கலவையில் உப்பு சற்றுக் குறைவு. ஆகவே எது, எவ்வளவு என்று மருத்துவரைக் கேட்டே கலக்க வேண்டும். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, நீரிழிவு உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

நம் ஊர்ப் பந்தலில் தரும் நீர்மோரில் உப்பு உண்டு, பானகத்தில் இனிப்பு உண்டு. எங்களுக்கு இரண்டும் அளவோடு ஒரே தம்ளரில் வேண்டியிருக்கிறது. நான் தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்தால் யாரும் வருத்தப்பட வேண்டாம்.