அரைக்கால் சுற்று

எமது போரின் வரலாற்றை எழுதியவர்கள் ஆயுதங்களின் பெயர்களை எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறார்கள். எந்த விமானம் எந்த நாட்டில் செய்தது, எந்த எறிகணை எத்தனை மில்லிமீற்றர் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் குடாநாட்டையும் வன்னியையும் ஓடவைத்த சிறிய மோட்டார் சைக்கிளைப் பற்றி, அதன் கியர்ப்பெட்டியைக் கழற்றிப் பூட்டிய கைகளைப் பற்றி, நாங்கள் வாசித்தவற்றில் ஒரு பந்தி கூடக் காணவில்லை. படிப்பைப் பாதியில் விட்டு, இன்று மெல்பேர்ணில் உணவகச் சமையலறைகளில் நிற்கும் நாங்கள் சிலர் அந்தப் பந்தியை எழுதிவைக்கப் பார்க்கிறோம்.

முதலில் இயந்திரம். 1958 ஓகஸ்டில் ஹொண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்ற வண்டியை வெளியிட்டது. எஞ்சின் 49 கன சென்ரிமீற்றர், கியர் மூன்று. அதை ஆக்கியவர் சொய்சிரோ ஹொண்டா. விற்பனையைக் கவனித்த கூட்டாளி தக்கேயோ புஜிசாவா. சோபா என்ற ஜப்பானிய நூடில்ஸ் விற்கும் கடைப் பையன் ஒரு கையில் சாப்பாட்டை ஏந்தியபடி மற்றக் கையால் ஓட்டவேண்டும் என்பது புஜிசாவாவின் எண்ணம். ஆகவே இடது கைக்குக் கிளச் வைக்கப்படவில்லை. உணவகத் தொழிலாளியை நினைத்துச் செய்த வண்டி என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

கைக் கிளச் இல்லாத குறையை உள்ளே இருக்கும் எடைகள் தீர்க்கின்றன. எஞ்சின் வேகமெடுக்க, சுழற்சியால் அவை வெளிப்புறமாக வீசப்பட்டுக் கிளச் பிளேற்றுகளை நெருக்கும். வேகம் குறைய, பிளேற்றுகள் தாமாகவே விடும். காலால் கியர் மிதியை அழுத்தும்போது முதற் பாதி அழுத்தம் கிளச்சை விலக்கும், மிகுதி கியரை மாற்றும். எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் கியருக்கும் ஒரே ஒயில்தான், அதுவும் ஒரு லீற்றருக்கும் குறைவு. இந்தக் கடைசி விடயத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் இந்த வண்டிகளுக்கு வந்த வருத்தங்களில் முக்கால்வாசி அங்கிருந்துதான் தொடங்கின.

1977 இல் இலங்கையில் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு ஜப்பானிய மோட்டார் சைக்கிள்கள் பெருகின. அவற்றுள் எம்.டி. 90 என்பது ஜப்பானில் தபால் சேவகர்களுக்கென்று செய்யப்பட்ட வகை. அங்கே கடிதம் சுமந்து களைத்தவை பழைய வண்டிகளாக எங்களிடம் வந்தன. ஆசிரியர், மீன் வியாபாரி, கிராம சேவையாளர், இயக்கத்துப் பொறுப்பாளர் எல்லோருக்கும் அது ஒன்றுதான்.

1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியதும் பெற்றோல் நின்றது. பற்றரி, வாகன உதிரிப்பாகம், சீமெந்து என்று தடைப் பட்டியல் நீண்டது. நாங்கள் அப்போது குழந்தைகள். ஆனாலும் அந்த மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது. சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு உதைப்பார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும்.

எஞ்சினை ஓடவைத்த அந்த மண்ணெண்ணெயே கியர்ப்பெட்டியையும் தின்றது. முழுவதும் ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகும். அந்தத் தண்ணீரில்தான் கிளச்சும் கியர்ப் பற்களும் வேலை செய்யவேண்டும். மாற்றுவதற்கு நல்ல ஒயிலும் இல்லை, தேய்ந்ததற்குப் பதிலாகப் போட உதிரிப்பாகமும் இல்லை. தாண்டிக்குளத்துச் சோதனையைத் தாண்டிக் கிளாலிக் கடலில் வள்ளமேறி வரும் ஒருவர் ஒரு சோடி பிளேற்றைச் சாப்பாட்டுப் பாத்திரத்தின் அடியில் மறைத்துக் கொண்டுவந்தால் அது ஊர்ச் செய்தி.

ஆகவே திறக்காமல் நோயைக் கண்டுபிடிப்பது ஒரு கலையாக வளர்ந்தது. ஒரு எஞ்சினைப் பிளந்தால் பாக்கிங் கிழியும், புதிய பாக்கிங்குக்கு எங்கே போவது? எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணை சொல்வார்: "தம்பி, திறக்கிறது கடைசி வேலை." முதலில் செயினைப் பார்ப்பார். கியர்ப்பெட்டி கடகடக்கிறது என்று வருபவர்களில் பாதிப்பேருக்குச் செயின்தான் தளர்ந்திருக்கும். ஒரு விரல் அகலம் ஆடலாம், அதற்கு மேல் ஆடக்கூடாது. பிறகு ஸ்குறூ டிறைவரின் நுனியை எஞ்சின் ஓட்டில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார். பிறகு ஒயிலில் கொஞ்சம் வடித்து முகருவார், விரல்களுக்கிடையில் உரசுவார். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை அதில் தோய்ப்பார். காந்தத்தில் ஒட்டும் தூள் இரும்பு, அதாவது பல்லோ தண்டோ தேய்கிறது. ஒட்டாத கரிய மா கிளச் பிளேற்றின் பூச்சு.

எஞ்சின் இரைந்து வண்டி நகரவில்லையென்றால் கிளச் வழுக்குகிறது. கியர் போட்டதும் இடித்து, தானாக முன்னே ஊர்ந்தால், முதலில் எஞ்சின் சும்மா நிற்கும்போது கூடுதல் வேகத்தில் ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டுக்கும் அநேகமாக ஒரு சிறு திருத்தம் போதும். வலப்பக்க மூடியில் நட் போட்ட ஒரு திருகு இருக்கிறது. நட்டைத் தளர்த்தி, திருகை ஒரு முழுச் சுற்று வலமாகத் திருப்பி, பின் மெதுவாக இடமாகத் திருப்பி, தடை தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து அரைக்கால் சுற்று வலமாக. எட்டில் ஒன்று என்று ஜப்பானியக் கைநூல் சொல்வதை அண்ணை கைநூல் பாராமலே அரைக்கால் என்றார். வாய்ப்பாட்டில் கீழ்வாய் இலக்கம் படித்த தலைமுறையின் கடைசிச் சொல்லாக அது எங்களுக்குக் கிடைத்தது.

கியர் விழுந்தும் பாரம் ஏறியதும் துள்ளி வெளியே வந்தால் விடயம் வேறு. பல்லுக்குப் பக்கத்திலிருக்கும் கொழுவிகள் மழுங்கியிருக்கும், அல்லது கியரைத் தள்ளும் கவர் வளைந்திருக்கும். அதற்கு எஞ்சினைப் பிளந்தே ஆகவேண்டும். அந்தக் காலத்தில் இரண்டு செத்த எஞ்சினிலிருந்து உயிருள்ள ஒன்று பிறந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் மனிதர் நடக்கும் வேகத்திலும் குறைவாகவே வண்டிகள் ஊர்ந்தன. இந்தக் கிளச்சுக்கு அதைவிடக் கொடுமை இல்லை. முழுதாகப் பிடிக்கவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல் மணிக்கணக்காகத் தேயும். மழையில் நனைந்த வீதியில் கிளச் கருகும் மணத்தை அன்றைக்குத்தான் முதலில் அறிந்தோம். பலர் வண்டியை நியூற்றலில் விட்டு, மூட்டையையும் ஆச்சியையும் அதில் இருத்தித் தள்ளினார்கள்.

கேட்கப் பழகிய அந்தக் காது பின்னர் வேறொன்றுக்கும் பயன்பட்டது. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டது. ஊரடங்கு இரவுகளில் அடையாளம் தெரியாதோர் மோட்டார் சைக்கிளில் வந்து ஆட்களைச் சுட்ட காலம் அது, வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போன காலம். நாங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தோம். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கையில் தூரத்தில் ஒரு எஞ்சின் கேட்கும். மூன்றாம் கியரில் ஒரே சீராகப் போனால் பிரதான வீதியோடு போகிறது. இரண்டுக்கு இறங்கினால் ஒழுங்கைக்குள் திரும்புகிறது. முதலாம் கியருக்கு இறங்கினால் யாரோ ஒருவருடைய படலையைத் தேடுகிறது. அந்த இறக்கத்தின் 'டக்' என்ற ஒலிக்காக மூச்சை அடக்கிக் காத்திருந்த வீடுகள் எத்தனை! பகலில் சந்தியில் வண்டி திருத்தும் பொடியன்களில் இரண்டு பேர் அந்த வருடங்களில் இல்லாமற் போனார்கள். ஒயில் கறை படிந்த கை சோதனைச் சாவடியில் சந்தேகத்துக்குரிய கை. எங்கள் படிப்பும் அத்தோடு நின்றது.

2012 இல் படகில் வந்து, வருடக்கணக்காகத் தற்காலிக விசாவில் இருந்தபோதுதான் இந்த வண்டியின் சகோதரனைக் கண்டோம். அவுஸ்திரேலியத் தபால்காரர்கள் ஓட்டிய சிவப்பு சி.ரி. 110. அதே மையவிலக்குக் கிளச், கியர் நாலு. கடிதப் பெட்டிக்குப் பெட்டி நின்று நின்று போவதால் கிளச் தேய்வது இங்கேயும் வழமை. குறித்த காலம் ஓடியபின் ஏலத்தில் விடுவார்கள். டன்டினோங்கில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்றை எடுத்தோம்.

எங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவிய ஒரு வியட்நாமியப் பெரியவர், ஸ்பிறிங்வேலில் இருப்பவர், ஒருநாள் பின்ஒழுங்கையில் வண்டியைக் கண்டதும் கையைத் துடைத்துவிட்டு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மூடியிலிருந்த நட்டைத் தளர்த்தி, திருகை வலம், இடம், பின் கொஞ்சமே கொஞ்சம் வலம். எங்கள் அரைக்காலேதான். தென்வியட்நாமில் எந்த மோட்டார் சைக்கிளுக்கும் 'ஹொண்டா' என்றே பெயர். 1975 இல் போர் முடிந்ததும் அமெரிக்கா அந்த நாடு முழுவதற்கும் விதித்த வர்த்தகத் தடை 1994 பெப்ரவரியில்தான் நீங்கியது. அதாவது எங்கள் அண்ணை காந்தத்தை ஒயிலில் தோய்த்துக்கொண்டிருந்த அதே வருடங்களில், சைகோனில் இவரும் செத்த எஞ்சின்களைக் கூட்டிப் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கும் எங்களுக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் இருபது சொல் தேறாது. அன்று அதுவும் தேவைப்படவில்லை.

சிட்னி வென்ற்வேர்த்வில்லில் இருக்கும் நண்பன் ஒருவனும் பழைய தபால் வண்டி வைத்திருக்கிறான். கோளாறு வந்தால் தொலைபேசியை எஞ்சினோடு பிடிப்பான். "இரண்டாம் கியரில் போடு, கொஞ்சம் முறுக்கு" என்று இங்கிருந்து சொல்லிக் கேட்போம். போன மாதம் அவனுக்குக் கிளச் பிளேற் என்று சொன்னோம். வடித்துப் பார்த்தான், ஒயிலில் கரிய மா. பிளேற்றுக்கு ஓடர் கொடுத்து மூன்றாம் நாள் பொதி வந்து சேர்ந்தது. கொண்டுவந்த தபால்காரர் மூன்று சில்லு மின்வண்டியில் வந்தாராம். அதில் மாற்றுவதற்குக் கியர் இல்லை. சத்தம் கேளாததால், வாசலில் வந்து நின்றதே தனக்குத் தெரியவில்லை என்றான்.