ஒன்பது படிக் கொலுவும் திருமலைக் கொலுவும்

புரட்டாசி பிறந்து மாளய பட்சம் முடியப் போகிறது என்றாலே நம் சங்கத்துப் பெரியவர்கள் பலருக்கு மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் வந்துவிடுகிறது. பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகளை யார் இறக்குவது? படி கட்ட யார் இருக்கிறார்கள்? பிள்ளை பெங்களூரில், பெண் அமெரிக்காவில். எழுபது வயதுக்கு மேல் முக்காலியில் ஏறி மேல்படியில் கலசம் வைக்க முடியுமா? "முடியவில்லை என்று விட்டுவிட்டால் குலாசாரம் போய்விடுமே" என்று மாமிகள் கலங்குகிறார்கள். சித்தூரில் பிறந்து வளர்ந்து, ஓய்வுக் காலத்தைத் திருப்பதியில் கழித்து வரும் எனக்கு, இந்தக் கேள்விக்கான விடை எங்கள் பக்கத்துச் சரித்திரத்திலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. அதை மற்ற ஊர் அன்பர்களுடனும் பகிர்ந்து கொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிச் சில வார்த்தைகள். சித்தூர் ஜில்லா உருவானது 1911 ஏப்ரல் 1ஆம் தேதி. அதற்கு முன் சித்தூர், வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரமாக இருந்தது. கலெக்டர் கச்சேரியும் கோர்ட்டும் இருந்ததால் வக்கீல்களும் குமாஸ்தாக்களுமாகத் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே நிலைத்தன. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது நாங்கள் அந்தப் பக்கம் ஆனோம். 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. 2022 ஏப்ரல் 4ஆம் தேதி முதல் திருப்பதியும் தனி மாவட்டம். கோடுகள் இப்படி மாறினாலும், அகத்துக்குள் தமிழும் வாசலில் தெலுங்குமாக எங்கள் வாழ்க்கை ஓடிக் கொண்டுதான் இருக்கிறது.

'கொலு' என்ற சொல்லும் அப்படி இரண்டு பாஷைக்கும் பொதுவானது. தெலுங்கில் 'கொலுவு' என்றால் ராஜசபை. சேவகம் என்றும் பொருள். 'கொலுசு' என்ற வினைச்சொல்லுக்கு வழிபடுதல், சேவித்தல் என்று அர்த்தம் (நாம் காலில் அணியும் கொலுசு வேறு). நாமும் 'ராஜா கொலுவீற்றிருந்தார்' என்றுதானே சொல்கிறோம்? ஆகவே கொலு என்பது அடிப்படையில் பொம்மைக் காட்சி அல்ல. ஒருவர் வீற்றிருக்க, மற்றவர்கள் வந்து சேவிக்கும் சபை.

அந்த ராஜசபை எவ்வளவு பிரம்மாண்டமாக இருந்தது என்பதற்கு அன்னிய யாத்ரீகர்களின் சாட்சியம் இருக்கிறது. 1443இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரஸாக், மஹாநவமிக்காக எழுப்பிய பல அடுக்கு மண்டபங்களைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். அவற்றில் அடி முதல் முடி வரை மனிதர்கள், மிருகங்கள், பக்ஷிகள் என்று உருவங்களாகவே நிரம்பியிருந்தனவாம். நம் கொலுப்படியைத்தான் பார்த்து எழுதினாரோ என்று தோன்றும். சுமார் 1520இல் வந்த போர்ச்சுக்கீசியரான பயஸும் கிருஷ்ணதேவராயர் காலத்து ஒன்பது நாள் விழாவை விவரிக்கிறார். ஹம்பியில் படிப்படியாக உயர்ந்து நிற்கும் மஹாநவமி மேடையை இன்றும் காணலாம். 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு ராயர்களின் ராஜதானி பெனுகொண்டாவுக்கும் பின்னர் சந்திரகிரிக்கும் வந்தது. சித்தூரிலிருந்து திருப்பதி வரும் வழியில் இருக்கும் சந்திரகிரிக் கோட்டையைப் பார்க்காதவர்கள் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். இதற்கிடையே மைசூரில் ராஜ உடையார் 1610இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசரா விழாவைத் தொடங்கினார். அரசர்கள் செய்ததைக் குடிகளும் தங்கள் சக்திக்கு ஏற்ப அகத்தில் செய்தார்கள் என்பது பொதுவான கருத்து.

சித்தூர் அகங்களில் நான் பார்த்த கொலு இப்படித்தான் இருந்தது. தகரப் பெட்டிகள், அரிசி டின்கள், வக்கீல் அகமானால் பைண்டு செய்த சட்டப் புத்தகங்கள் ஆகியவற்றின் மேல் பலகை போட்டு, துவைத்த வெள்ளை வேஷ்டியை விரித்தால் படி தயார். மேலே கலசம், மரப்பாச்சி, பெருமாள் தாயார். கீழே செட்டியாரும் செட்டியாரம்மாவும். மண் பொம்மைகள் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வரும். படிகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும்; வருஷம் ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும். இந்த இரண்டு வழக்கங்கள்தான் கொலுவை வளர்த்தன. வருஷத்துக்கு ஒன்றே ஒன்று என்றாலும் நாற்பது வருஷத்தில் நாற்பது பொம்மை. செட்டாக வாங்கினால் கேட்கவே வேண்டாம். மூன்று படி ஐந்தாகி, ஐந்து ஏழாகி, பிறகு இரும்புச் சட்டத்தைத் திருகாணி போட்டு முடுக்கும் படிகளும் வந்து ஒன்பதாயிற்று.

ஆனால் அந்தக் கொலுவைத் தூக்கி நிறுத்தியது கூட்டுக் குடும்பம் என்பதை நாம் மறக்கக்கூடாது. பெட்டியை இறக்க இரண்டு தம்பிகள், துடைக்க நாலு பெண்கள், சுண்டல் செய்யப் பாட்டி, தெருவெல்லாம் குங்குமச் சிமிழோடு போய் அழைத்துவிட்டு வர பாவாடைச் சிறுமிகள் என்று பத்துப் பேர் செய்த காரியம் அது. இன்று அதை எழுபத்திரண்டு வயது மாமியும் எழுபத்தெட்டு வயது மாமாவும் செய்ய முயல்கிறார்கள். ஆள் குறைந்த பின் அளவு மட்டும் குறையாதிருப்பது எப்படி நியாயமாகும்?

இங்கேதான் திருமலையை நினைத்துப் பார்க்க வேண்டும். திருமலையில் தினந்தோறும் கொலு நடக்கிறது என்பது நம்மவர்களிலேயே பலருக்குத் தெரியாது. விடியற்காலை தோமாலை சேவை ஆனதும், கொலுவு ஸ்ரீனிவாஸர் என்னும் சிறிய மூர்த்தியை ஸ்நபன மண்டபத்தில் ஆசனத்தில் எழுந்தருளச் செய்கிறார்கள். அவருக்கு அன்றைய பஞ்சாங்கம் படிக்கப்படுகிறது: திதி, வாரம், நக்ஷத்திரம், வரவிருக்கும் உத்ஸவங்கள். பிறகு முந்தின நாள் உண்டியல் வருமானக் கணக்கு. பின்னர் எள்ளும் வெல்லமும் சுக்கும் சேர்த்து இடித்த பொடி நிவேதனம். அவ்வளவுதான்; கொலு முடிந்தது.

உலகமெல்லாம் தேடி வரும் ஐச்வர்யவானான பெருமாளுக்கு நித்தியப்படி கொலு, ஒரு மூர்த்தி, ஒரு ஆசனம், பஞ்சாங்கம், கணக்கு, கொஞ்சம் எள்ளுப் பொடி. படிகள் இல்லை. ஆனால் ஒரு நாள் கூட அது தவறுவதில்லை. விஜயநகரத்தில் ஆயிரமாயிரம் பேர் சூழக் கொலுவீற்றிருந்த கிருஷ்ணதேவராயர், ஏழு முறை திருமலைக்கு வந்தவர். அவருடைய செப்புச் சிலையும் தேவிமார் திருமலாதேவி, சின்னாதேவி சிலைகளும் கோயில் உள்ளே கைகூப்பி நிற்கின்றன. தன் சபையில் ராஜா; இங்கே சேவிக்க வந்தவர். கொலு என்ற சொல்லின் இரண்டு அர்த்தங்களும் அவரிடத்தில் சேர்ந்திருக்கின்றன.

பெரிய உத்ஸவங்களையும் காலத்துக்கு ஏற்றபடி சுருக்கலாம் என்பதற்குத் திருமலையே சமீபத்தில் உதாரணம் காட்டியது. 2020இல் அதிக மாஸம் வந்ததால் வருடாந்திர பிரம்மோத்ஸவம், நவராத்திரி பிரம்மோத்ஸவம் என்று இரண்டு. கொரோனா காரணமாக இரண்டுமே மாட வீதிப் புறப்பாடு இல்லாமல், கோயிலுக்குள்ளேயே ஏகாந்தமாக நடந்தன. 2021இலும் அப்படியே. வாகன சேவைகள் நின்றுவிடவில்லை; வீதி மட்டும் நின்றது. 2022இல் மாட வீதிப் புறப்பாடு மீண்டும் வந்தது. உத்ஸவம் விட்டுப் போயிற்று என்று யாராவது சொல்ல முடியுமா?

சாஸ்திரமும் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஒன்பது நாளும் உபவாஸ பூஜை செய்ய இயலாதவர்கள் ஸப்தமி, அஷ்டமி, நவமி ஆகிய மூன்று நாட்கள் செய்தால் போதும் என்று தேவீ பாகவதம் அனுமதிக்கிறது. ஸரஸ்வதியை மூல நக்ஷத்திரத்தில் ஆவாஹனம் செய்து திருவோணத்தில் உத்வாஸனம் செய்யும் வழக்கமும் நமக்குத் தெரிந்ததே. ஆந்திராவில் பல இடங்களில் சங்கராந்தியை ஒட்டி மூன்று நாட்களே 'பொம்மல கொலுவு' வைக்கிறார்கள். படி விஷயத்தில் ஒற்றைப்படைதான் முறை என்றால், ஒன்றும் ஒற்றைப்படைதானே!

எந்தப் பொம்மையை வைத்துக் கொள்வது என்ற கேள்விக்கும் எங்கள் ஊர் ஒரு விடை வைத்திருக்கிறது. அதுதான் மரப்பாச்சி. திருப்பதிக்குப் போனவர்கள் முன்பெல்லாம் தவறாமல் வாங்கி வந்தது ஒரு ஜோடி மரப்பாச்சி. சேஷாசலம் முதலிய மலைகளில் இயற்கையாக வளரும் செம்மரத்தில் கடைந்தது. கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்து அனுப்புவார்கள். புக்ககத்தில் அவள் வைக்கும் முதல் கொலு அந்த ஜோடியிலிருந்துதான் தொடங்கும். குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் கெடுதல் இல்லை என்பார்கள். இப்போது செம்மரம் அருகிவிட்டது. 1995 முதல் அதன் சர்வதேச வியாபாரம் உடன்படிக்கைக் கட்டுப்பாட்டுக்குள் வந்திருக்கிறது. ஆகவே பாட்டி கொடுத்த பழைய ஜோடி உங்களிடம் இருந்தால் அதை மட்டும் எக்காரணம் கொண்டும் பரணில் போட்டு விடாதீர்கள். மண் பொம்மை ஈரத்தில் கரையும், வர்ணம் உதிரும். மரப்பாச்சி மூன்று தலைமுறை நிற்கும். கொலு எதில் தொடங்கியதோ அதிலேயே வந்து நிற்பது குறைவு ஆகாது.

எங்கள் அகத்தில் ஏழு படி இருந்தது. முழங்கால் வலி வந்த பிறகு என் மனைவியே ஒரு முடிவு எடுத்தாள். தசாவதார செட், புதிதாகக் கல்யாணமான மருமாளுக்கு வேலூருக்குப் போயிற்று. செட்டியார் கடை, கீழ்வீட்டுத் தெலுங்குக் குடும்பத்துச் சிறுமிக்கு. கல்யாண ஊர்வலம், பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு. ஒவ்வொரு பொம்மையோடும் எந்த வருஷம், எந்த ஊரில், யார் வாங்கியது என்று ஒரு சீட்டு எழுதி மடித்து வைத்தாள். "பொம்மையைக் கொடுக்கிறது பெரிசில்லை, அதோட கதை தெரியறது நமக்கு மட்டும்தானே? நாம இருக்கறப்பவே எழுதிட்டா நல்லது" என்றாள். இப்போது ஒரு மணையில் வெள்ளைத் துணி விரித்து, கலசம், மரப்பாச்சி ஜோடி, ஒரு ஸ்ரீனிவாஸர், பேரன் முதன்முதலில் கேட்டு வாங்கிய மண் யானை. பத்து நிமிஷத்தில் வைத்தாகிவிடும். விஜயதசமி இரவு படுக்க வைத்து, மறுநாள் பழைய வேஷ்டித் துணியில் சுற்றி வசம்பு போட்டு ஒரே பெட்டியில் எடுத்து வைத்தாகிவிடும்.

ஒன்றை மட்டும் அவள் குறைக்கவில்லை: அழைப்பை. கட்டடத்தில் இருக்கும் எல்லா வீட்டுக்கும், தமிழோ தெலுங்கோ, குங்குமத்தோடு போய் அழைக்கிறாள். முடியாத வருஷம் கீழ்வீட்டுச் சிறுமியை அனுப்புகிறாள். சுண்டல் ஒரு படிக்குப் பதில் அரைப் படி; வெற்றிலை பாக்கு தாம்பூலம் எல்லோருக்கும். வருகிறவர்கள் எண்ணிக்கை ஏழு படி இருந்த காலத்தைவிடக் குறையவில்லை. எங்கள் பழைய தெருவில் கொலு வைப்பதையே நிறுத்திய அகங்களையும் நான் பார்த்திருக்கிறேன். அங்கே பொம்மை இல்லாததால் யாரும் வருந்தவில்லை. வருஷத்தில் ஒன்பது நாள் திறந்திருந்த கதவு மூடிக் கொண்டதுதான் அந்த அகத்துப் பெரியவர்களை வாட்டியது. சேவிக்க ஒருவரும் வராவிட்டால் அது எப்படிக் கொலுவாகும்?

கொலுவுக்குச் சொன்னது முதுமைக் காலத்து அகத்துக்கும் பொருந்தும். ஐம்பது பேருக்குச் சமைத்த வெண்கல உருளி, யாரும் ஏறாத ஊஞ்சல், திறக்காத பீரோ என்று நாம் காவல் காக்கும் சாமான்கள் எத்தனை! திருமலைக் கொலுவை ஒரு அளவுகோலாக வைத்துக் கொள்ளலாம். உட்கார ஒரு சௌகரியமான ஆசனம். இன்று என்ன நாள் என்று தெரிந்து கொள்ளப் பஞ்சாங்கம். நேற்றைய வரவு செலவுக்கு ஒரு நோட்டு. ஸ்வாமிக்குக் காட்டி வருகிறவர்களுக்குக் கொடுக்க ஏதாவது ஒன்று. இந்த நான்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மற்றவற்றை, கொடுக்கக் கை இருக்கும்போதே, வேண்டியவர்களுக்குக் கொடுத்து விடலாம்.

வருகிற நவராத்திரிக்கு ஏணி ஏறும் எண்ணத்தில் இருக்கும் மூத்த அங்கத்தினர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒரு மணை போதும். மரப்பாச்சியையும் கலசத்தையும் வையுங்கள். அக்கம்பக்கத்தாரை மட்டும் அவசியம் அழையுங்கள். அருகில் இருக்கும் இளைய அங்கத்தினர்களும், அழைப்பு வரட்டும் என்று காத்திராமல், அந்த ஒரு படிக் கொலுவைப் பார்க்கக் குழந்தைகளோடு போய் வாருங்கள்.