மெக்கின்டாஷைத் திறத்தல்

திருநள்ளாறு என்றால் பலருக்கும் சனீஸ்வரர் சன்னதியும் நளதீர்த்தமும் நினைவுக்கு வரும். இலக்கிய வாசகருக்கு இவ்வூர் வேறொரு காரணத்தாலும் முக்கியமானது. மதுரையில் சமணரோடு நடந்த அனல் வாதத்தில் ஞானசம்பந்தர் தம் சுவடியைக் கட்டவிழ்த்து, கயிறு சார்த்தி ஓர் ஏட்டை எடுத்தார் என்றும், கைக்கு வந்தது திருநள்ளாற்றுப் பதிகம் என்றும், நெருப்பிலிட்ட அந்த ஏடு வாடாமல் பச்சையாகவே இருந்தது என்றும் பெரியபுராணம் சொல்லும். அதனால் அதற்குப் பச்சைப் பதிகம் என்று பெயர். அற்புதத்தை நம்புவோர் நம்பட்டும். என் கவனம் அந்தக் கயிற்றின் மீது. சுவடியைத் திறக்கும் கருவி சுவடியோடேயே கட்டப்பட்டிருந்தது.

நம் காலத்துச் சுவடிகள் அப்படியில்லை. இவ்வூரில் என் உறவினர் ஒருவர் வீட்டில் ஒரு மெக்கின்டாஷ் பிளஸ் இருக்கிறது. அது பாரிஸிலிருந்து வந்தது. காரைக்கால் வட்டாரத்தில் இதில் வியப்பில்லை. 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இப்பகுதி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு மக்களுக்குத் தரப்பட்டது. அதனால் ஒரு காலை பிரான்சில் ஊன்றிய குடும்பங்கள் இங்கே உண்டு. உறவினர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் கணினியில் தமிழில் நிறைய எழுதினார். எழுதியவற்றில் ஒரு பகுதி, இயந்திரத்தின் வட்டியக்கிக்குள்ளேயே சிக்கிக்கொண்ட ஒரு நெகிழ்வட்டில் இருக்கிறது. வட்டை வெளியே தள்ளும் பற்சக்கரங்களில் பூசிய மசகு பல ஆண்டுகளில் மெழுகாக இறுகிவிடுவது இந்த இயக்கிகளுக்கு வழக்கமான நோய். பலவந்தமாக இழுத்தால் படிக்கும் தலையே பிய்ந்துவிடும். ஆகவே பெட்டியைத் திறந்தாக வேண்டும்.

திறப்பதற்கு ஐந்து திருகாணிகள். முதுகின் கீழ்ப்பகுதியில் இரண்டு. பேட்டரி மூடிக்குள் மறைவாக ஒன்று. தூக்கும் கைப்பிடியின் பள்ளத்துக்குள், ஆழத்தில், இரண்டு. ஐந்தும் டார்க்ஸ் வகை, டி15 அளவு. ஹார்டுவேர் கடையில் போய் 'ஸ்டார்' திருப்புளி வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். நான்கு முனையுள்ள பிலிப்ஸ் திருப்புளியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நம் மெக்கானிக்குகளின் அகராதியில் ஸ்டார் என்றால் அதுதான். இது ஆறு முனை என்று விளக்கினால் எல்-வடிவ ஆலன் சாவி வரும். அதையும் தாண்டி உண்மையான டி15 கிடைத்தாலும் அதன் தண்டு விரல் நீளம்தான் இருக்கும். அந்தப் பள்ளத்தின் அடியைத் தொட ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் மெல்லிய தண்டு தேவை. நீட்டிப்புக் குழல் மாட்டினால் பருமன் கூடி உள்ளே இறங்காது.

திருகாணித் தலைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1930களில் ஹென்றி பிலிப்ஸ் பரப்பிய சிலுவைத் தலை கார் தொழிற்சாலைகளில் வென்றது. ஆனால் அழுத்தம் கூடினால் திருப்புளி வழுக்கி மேலேறிவிடும். அந்தக் குறைக்கு மாற்றாக 1967இல் அமெரிக்காவின் காம்கார் நிறுவனம் உருவாக்கியதுதான் ஆறு இதழ்கள் கொண்ட டார்க்ஸ். நோக்கம் நல்ல பிடிமானம், பூட்டு அல்ல. ஆனால் 1984 ஜனவரி 24 அன்று மெக்கின்டாஷ் வெளிவந்தபோது சாதாரண வீட்டுக் கருவிப் பெட்டிகளில் இந்தத் திருப்புளி இருப்பது அரிது. பிடிமானத்துக்காகப் பிறந்தது பூட்டாகப் பணிபுரிந்தது.

இது தற்செயல் அல்ல என்றே எண்ணுகிறேன். 1977இல் வந்த ஆப்பிள் II இன் மூடியை வெறும் கையால் தூக்கிவிடலாம்; உள்ளே விரிவாக்கத்துக்கு எட்டுச் செருகுவாய்கள். மெக்கின்டாஷில் ஒன்றுகூட வேண்டாம் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக இருந்தார். பயனர் உள்ளே கைவைக்கக் கூடாது என்பது அவருடைய அழகியல். வேடிக்கை என்னவென்றால், யாரும் பார்க்கக் கூடாத அந்த உட்சுவரில்தான் அதை உருவாக்கியவர்களின் கையெழுத்துகள் வார்க்கப்பட்டுள்ளன. 1982 பிப்ரவரி 10 அன்று ஒரு பெரிய தாளில் கையெழுத்து வாங்கி அச்சில் பொறித்தார்கள். கலைஞன் தன் படைப்பில் கையெழுத்திட வேண்டும் என்றார் ஜாப்ஸ். கையெழுத்திட்ட ஓவியத்தைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டிய கதைதான்.

1985இல் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு விலகினார். மெக்கின்டாஷ் பொறுப்பை ஏற்றவர் ஆப்பிள் பிரான்சின் தலைவராக இருந்த ழான்-லூயி கஸ்ஸே. தன் காரின் எண் பலகையிலேயே 'ஓபன் மேக்' என்று எழுதி வைத்திருந்தவர் அவர். 1987இல் வந்த மெக்கின்டாஷ் II ஆறு செருகுவாய்களோடு, எளிதாக மூடி கழலும் பெட்டியாக வந்தது. மூடிய பெட்டியைத் திறந்துவிட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதில் காரைக்கால் மண்ணைச் சேர்ந்தவனுக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. நிறுவனத்தின் பழைய குணம் பிறகு திரும்பியது. 2010இல் வந்த ஐபோன் 4, சிறிது காலத்தில் பென்டலோப் என்னும் ஐந்து இதழ்த் திருகாணிக்கு மாற்றப்பட்டது. இங்கே பிடிமானம் என்ற சமாதானம்கூட இல்லை.

திருகாணிகள் கழன்ற பிறகும் பெட்டி எளிதில் பிரியாது. பணிமனைகளில் இதற்கென்றே ஒரு விரிகிடுக்கி வைத்திருந்தார்கள். அது இல்லாதவர்கள் தட்டைத் திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பிய வடுக்களைப் பழைய மெக்கின்டாஷ்கள் பலவற்றில் காணலாம். திரை கீழே இருக்குமாறு மடித்த துணிமேல் கவிழ்த்து, பின்மூடியை மெல்ல அசைத்து நேராக மேலே தூக்குவதே நல்ல முறை. சாய்த்துத் தூக்கினால் படக்குழாயின் கழுத்து உடையலாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் குழாயில் பல்லாயிரம் வோல்ட் தங்கியிருக்கக்கூடும் என்பதால், அதை நிலத்தோடு இணைத்து வெளியேற்றத் தெரிந்தவர் அருகில் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

பிளஸ் ஒருவகையில் கொடுத்துவைத்தது. அதன் பேட்டரி தனி அறையில் இருப்பதால், கசிந்தாலும் அழிவு பெரும்பாலும் அங்கேயே நிற்கும். எஸ்இ/30, கிளாசிக் போன்ற பிந்தைய மாடல்களில் லித்தியம் பேட்டரி தாய்ப்பலகையின் மீதே அமர்ந்திருக்கிறது. அது வெடித்துக் கசிந்தால் செம்புத் தடங்களையே தின்றுவிடும். உப்புக்காற்று வீசும் நம் கடற்கரையோரத்தில் எந்த உலோகமும் அதிக நாள் பொறுக்காது. அத்தகைய இயந்திரம் வைத்திருப்போர் வேறெதற்கும் முன் அந்த பேட்டரியையாவது எடுத்துவிட வேண்டும்.

வட்டு வெளியே வந்தால் இன்னும் இரண்டு பூட்டுகள் மீதமிருக்கின்றன. 800 கிலோபைட் மெக்கின்டாஷ் வட்டு, உள்தடத்துக்கும் வெளித்தடத்துக்கும் சுழலும் வேகத்தை மாற்றி எழுதப்பட்டது. சாதாரண பிசி இயக்கி அதை இயல்பாகப் படிக்காது. காந்தத் தடத்தை அப்படியே நகலெடுக்கும் சிறு கருவிகள் இப்போது கிடைக்கின்றன என்பதால் இது தீர்க்கக்கூடியது.

அடுத்தது தமிழுக்கே உரிய பூட்டு. யூனிகோடில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றது என்றாலும், நடைமுறையில் அந்தப் பத்தாண்டு முழுதும் எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் இருந்தது. லோசானிலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய 'மயிலை' போல ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எழுத்து வரிசை வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்ற குறியாக்கங்கள் வந்தன. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்தான். அன்றைய கோப்பை இன்று திறந்தால் ரோமன் எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். எந்த எண் எந்த எழுத்துக்கு என்ற அட்டவணை தெரிந்தால் ஒரு சிறிய நிரலால் முழுவதையும் மீட்கலாம். தெரியாவிட்டால் வட்டெழுத்தைப் படிக்கும் பாடுதான்.

அந்த அட்டவணைக்கான தடயம் தொடக்க வட்டில் கிடைக்கக்கூடும். பிளஸ்ஸுக்குள் வன்வட்டு இல்லை. இயங்குதளமும் அதில் நிறுவிய எழுத்துருக்களும் ஒரு நெகிழ்வட்டில் இருந்தே ஏறின. எழுதியவரின் கட்டுரை வட்டுகளைப் பத்திரப்படுத்திவிட்டு, 'சிஸ்டம்' என்று ஒட்டுத்தாள் போட்ட வட்டை வெறும் மென்பொருள்தானே என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.